ஒன்பதாம் பத்தி

மரியே வாழ்க

குனோங் ராபாட், ஈப்போ
3 மார்ச் 2025

கார்மெனுக்கு,

நீயும் பிள்ளை வெண்டியும் சுகமாக இருக்க வேண்டும் என்று எழுதித்தான் தொடங்குகிறேன். கோபத்தில் தொடங்கிய இரண்டு தாள்களைக் கிழித்துப் போட்டுவிட்டேன்.

உன் வழக்கறிஞர் அனுப்பிய மனு வெள்ளிக்கிழமை பதிவுத் தபாலில் வந்தது. தபால்காரர் கையெழுத்துக் கேட்டபோது வெண்டிதான் ஏதோ அனுப்பியிருக்கிறாள் என்று நினைத்தேன். பிரித்தால் ஜொகூர் பாரு உயர்நீதிமன்றத்தின் முத்திரை. மூன்று வருடத்துக்கு முன் ஈப்போவில் நமக்கு விவாகரத்துக் கொடுத்தபோது, பிள்ளைக்கு நான் மாதாமாதம் தர வேண்டிய பராமரிப்புப் பணத்தையும் எழுதினார்களே, அதை இரட்டிப்பாக்கச் சொல்லி ஜொகூரில் கேட்டிருக்கிறாய். ஒரு வார்த்தை முன்னாடி எழுதியிருக்கலாம். போனில் பேசினால் மூன்றாவது நிமிடம் சண்டை, வாட்ஸாப்பில் அதைவிடச் சீக்கிரம் சண்டை, இனி பெரிய விஷயம் எல்லாம் கடிதத்தில்தான் என்று முடிவு செய்ததே நீதான்.

சரி. நான் வாதாடப் போவதில்லை. நீ கேட்ட தொகைக்குச் சம்மதம். உன் வழக்கறிஞரிடம் சொல்லி ஒரு தாளில் எழுதி அனுப்பு, கையெழுத்துப் போட்டு அனுப்பிவிடுகிறேன். ஒன்று மட்டும் கேட்கிறேன். என் வேலை, சம்பளம், செலவு எல்லாவற்றையும் சத்தியப் பிரமாணமாக எழுதித் தரச் சொல்லி மனுவோடு ஒரு கடிதம் வைத்திருக்கிறார்கள். அது வேண்டாம். கேட்டதைக் கொடுப்பவனிடம் அதெல்லாம் எதற்கு?

கோர்ட்டுத் தாளை அலமாரியில் வைத்தேன், பிறகு எடுத்து பைபிளுக்கு அடியில் வைத்தேன், இப்போது மறுபடியும் மேசைமேல் கிடக்கிறது. இருபத்தோரு நாள் கொடுத்திருக்கிறார்கள். சீக்கிரம் பதில் போடு.

வெண்டிக்கு என் முத்தம்.

பாஸ்கல்

*

ஜொகூர் பாரு
11 மார்ச் 2025

பாஸ்கலுக்கு,

கடிதம் கிடைத்தது. வெண்டி பள்ளிக்குப் போயிருக்கிறாள். நான் மதிய இடைவேளையில் எழுதுகிறேன்.

உங்களோடு பன்னிரண்டு வருடம் வாழ்ந்தேன். ஹாலுக்கு என்ன நிறத்தில் திரைச்சீலை என்பதற்கே இரண்டு வாரம் வாதாடியவர் நீங்கள். கேட்டதை அப்படியே தருகிறேன் என்று ஒரே கடிதத்தில் சொல்கிறீர்கள் என்றால் எனக்கு நிம்மதியா வரும்? முதலில் பயம் வந்தது. பிறகு கோபம் வந்தது. கோபத்துக்குக் காரணம் சொல்கிறேன்.

சீனப் பெருநாள் சமயம் மார்கஸ் அண்ணன் தாப்பாவிலிருந்து ஈப்போவுக்கு வந்திருந்தார். பகல் பதினொரு மணிக்கு லியாகத் அலி கடையில் உங்களைப் பார்த்திருக்கிறார். லாரிக்காரரிடம் சாமான் பில்லை வாங்கிச் சரிபார்த்துக் கையெழுத்துப் போட்டீர்களாம். "கடையே மச்சான் கைலதான் இருக்கு போல லா. பங்கு போட்டிருப்பாரு" என்று என்னிடம் போனில் சொன்னார். ஆனால் என்னிடமும் வெண்டியிடமும் நீங்கள் சொன்னது வேறு. கையுறைத் தொழிற்சாலையில் ஓவர்டைம், லீவு கிடைக்கவில்லை. செப்டம்பர் விடுமுறைக்கு அப்படி. டிசம்பருக்கும் அப்படித்தான். டிசம்பரில் அவள் பையில் துணி அடுக்கி வைத்துக்கொண்டு வாசலில் செருப்போடு உட்கார்ந்திருந்தாள். அப்பா கடைசி நேரத்தில் வந்தாலும் வருவார் என்றாள்.

கடையில் பங்கு போட முடிகிறவருக்கு ஜொகூர் வர பஸ் டிக்கெட் கிடைக்கவில்லையா? அதனால்தான் மனு போட்டேன். காரணம் அது மட்டும் இல்லை. மற்றதை மனுவில் எழுதியிருக்கிறேன்.

சம்பள விவரம் இல்லாமல் நீதிபதி எந்த ஒப்பந்தத்தையும் ஏற்கமாட்டார் என்று வழக்கறிஞர் சொல்கிறார். அதனால் நீங்கள் எழுதித்தான் ஆக வேண்டும்.

உங்கள் ரோசரி அக்காவைக் கேட்டதாகச் சொல்லுங்கள்.

கார்மென்

*

குனோங் ராபாட்
15 மார்ச் 2025

கார்மென்,

பங்கா? மார்கஸ் மச்சானுக்குக் கற்பனை அதிகம். நான் அங்கே கூலிக்கு வேலை செய்கிறேன். ஸ்டோர் என் பொறுப்பு. அரிசி, வெங்காயம், எண்ணெய் எவ்வளவு வந்தது, எவ்வளவு போனது என்று பார்த்து வைக்க வேண்டும். காலை ஏழு முதல் மூன்று வரை. கையெழுத்துப் போடுவது சாமானை வாங்கிக்கொண்டேன் என்பதற்கு, முதலாளி என்பதற்கு இல்லை.

தொழிற்சாலையில் என் லைன் ஓடிய கட்டடத்தையே போன வருடம் ஏப்ரலிலேயே மூடிவிட்டார்கள். கோவிட் முடிந்ததும் கையுறை வாங்க ஆள் இல்லை. பதினாறு வருடம் நின்ற இடம். அரைப் பக்கக் கடிதத்தில் முடிந்துவிட்டது. உன்னிடம் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. அதற்கு மேல் இப்போது எழுத முடியாது.

ஆனால் நீ மற்றதை மனுவில் எழுதியிருக்கிறேன் என்கிறாய். எடுத்துப் படித்தேன். பதினான்காம் பத்தியில் "மகளின் தொடர் மருத்துவச் செலவு" என்று ஒரே ஒரு வரி. முதலில் படித்தபோது தொகை மட்டும்தான் என் கண்ணில் பட்டது, அதற்காக வெட்கப்படுகிறேன். என்ன மருத்துவம்? தொடர் என்றால் என்ன அர்த்தம்? ஞாயிற்றுக்கிழமை வீடியோவில் முகத்தை மட்டும்தான் காட்டுகிறாள். சிரிக்கிறாள். போனை வைத்துவிடுகிறாள்.

காய்ச்சலுக்கு யாரும் கோர்ட்டுக்குப் போகமாட்டார்கள். இந்தக் கடிதத்தை நானே பெரிய தபால் நிலையத்துக்குக் கொண்டுபோய் அவசரத் தபாலில் போடுகிறேன். நீயும் அப்படியே போடு.

பாஸ்கல்

*

ஜொகூர் பாரு
21 மார்ச் 2025

பாஸ்கலுக்கு,

உட்கார்ந்து படியுங்கள்.

வெண்டிக்கு முதுகெலும்பு வளைந்திருக்கிறது. போன வருடம் ஆகஸ்டில் விளையாட்டுப் போட்டிக்குச் சட்டை அளவெடுத்த குமுதா டீச்சர்தான் முதலில் கவனித்தார். "ஒரு தோள் இறங்கியிருக்கே, எப்பவும் இப்படித்தான் நிப்பாளா?" என்று என்னைக் கூப்பிட்டுக் கேட்டார். எக்ஸ்ரேயில் முப்பத்திரண்டு டிகிரி. இது யாராலும் வருவதில்லை, சில பிள்ளைகளுக்கு வளர்கிற வயதில் தானாக வருவது என்று டாக்டர் சொன்னார். வளர்ச்சி நிற்கும்வரை முதுகுக்கு பிரேஸ் போட வேண்டும். அக்குளிலிருந்து இடுப்பு வரை கெட்டி பிளாஸ்டிக். ஒரு நாளில் இருபது மணி நேரம். குளிக்கவும் விளையாடவும் மட்டும் கழற்றலாம். வளைவு கூடினால் அறுவை சிகிச்சை.

அவள் வளர வளர பிரேஸையும் மாற்றிச் செய்ய வேண்டும். அதுதான் "தொடர்".

பள்ளிக்குப் போனதும் கழற்றித் துணிப்பையில் போட்டு வகுப்பு அலமாரிக்குப் பின்னால் ஒளித்து வைக்கிறாள் என்று ஜனவரியில்தான் தெரிந்தது. நான் காலை நாலரைக்குக் கிளம்பி, பாலம் தாண்டி சிங்கப்பூர் பல் கிளினிக்குக்குப் போய், இரவு எட்டுக்கு வருகிறவள். பிரேஸின் பட்டையை இறுக்கிக் கட்டக் காலையில் யார் இருக்கிறார்கள்? அதனால் சிங்கப்பூர் வேலையை விட்டுவிட்டேன். இப்போது இங்கேயே ஒரு கிளினிக்கில் இருக்கிறேன். சம்பளம் பாதிகூட இல்லை. பணத்தாசையில் மனு போட்டேன் என்று நீங்கள் நினைக்கக் கூடாது என்பதற்காக இதைச் சொல்கிறேன்.

ஏன் உங்களிடம் சொல்லவில்லை என்று கேட்பீர்கள். வெண்டிக்கு நாலு வயது இருக்கும்போது மோட்டார் சைக்கிளிலிருந்து விழுந்து தாடையில் தையல் போட்டார்களே, அன்று ஆஸ்பத்திரி வராந்தாவில் எல்லார் முன்னாலும் "பிள்ளையப் பாக்கத் தெரியல உனக்கு" என்றீர்கள். அந்த வாக்கியத்தை இன்னொரு முறை கேட்க எனக்குத் தெம்பில்லை.

இன்னொன்றும் இருக்கிறது. கோவிட்டில் எல்லையை மூடிய காலத்தில் நான் சிங்கப்பூரில் மாட்டிக்கொண்டேன். ஒன்றரை வருடம் அவளைக் குளிக்க வைத்து, தலை பின்னி, தூங்க வைத்தது நீங்கள். அப்போதே வளைந்திருந்ததா, நீங்கள் பார்த்தும் விட்டுவிட்டீர்களா என்று கேட்க ஒரு பக்கம் நாக்கு துடிக்கிறது. கேட்டால் நானும் உங்களைப் போலவே ஆகிவிடுவேன்.

இப்போது நான் கேட்கிறேன். ஏப்ரலில் லைனை மூடினார்கள் என்கிறீர்கள். ஆகஸ்ட், செப்டம்பர், அக்டோபர் மூன்று மாதமும் பணம் ரோசரி அக்கா பெயரில் வந்தது. ஓவர்டைம் என்று ஒரு செய்தி போட்டதோடு சரி, அந்த மூன்று மாதம் நீங்கள் போனையும் எடுக்கவில்லை. அக்காதான் "தம்பி வேலைல இருக்கான்" என்று சொன்னார்கள். எங்கே இருந்தீர்கள்? வேறு குடும்பம் என்றால் சொல்லிவிடுங்கள். அதைத் தாங்கிக்கொள்வேன். தெரியாமல் இருப்பதுதான் தாங்க முடியவில்லை.

கார்மென்

*

குனோங் ராபாட்
30 மார்ச் 2025

கார்மென்,

உன் கடிதத்தை நின்றுகொண்டே படித்தேன். பிறகு உட்கார்ந்தேன்.

நீ கேட்கப் பயந்த கேள்விக்கு முதலில் பதில். எனக்குத் தெரியவில்லை. தினமும் அவள் முதுகுக்குச் சோப்புப் போட்டேன், கோணலாக எதுவும் என் கண்ணில் படவில்லை. இருந்து நான் பார்க்காமல் விட்டிருந்தால் அதுவும் எனக்குத் தெரியாது. உன்னை நான் குற்றம் சொல்லவில்லை. ஆஸ்பத்திரி வராந்தாவில் அன்று சொன்னதற்கு இன்று மன்னிப்புக் கேட்கிறேன், எட்டு வருடம் கழித்து.

இப்போது உன் கடைசிக் கேள்வி.

செவ்வாய்க்கிழமை இலவச சட்ட உதவிக்குப் போனேன். அங்கே தினேஸ்வரி என்று ஒரு வழக்கறிஞர், நம் ரோசரி அக்காவின் மகள் வயதுதான் இருக்கும். கெடு தாண்டியிருந்தும் ஏப்ரல் பதினைந்து வரை அவகாசம் கேட்டு வாங்கித் தந்தார். என் கதை முழுவதையும் கேட்டு மலாயில் எழுதி, பத்தி பத்தியாகத் தமிழில் சொல்லிக்காட்டினார். எட்டாம் பத்தி வரை தலையாட்டினேன். ஒன்பதாம் பத்தி வந்ததும் எழுந்து நின்றுவிட்டேன்.

"இதை எடுத்துருங்க மிஸ்."

"எடுத்தா, வேலை போனதுக்கு அப்புறம் இத்தன மாசம் ஏன் சும்மா இருந்தாருன்னு கேப்பாங்க. சம்பாதிக்க முடியும், வேணும்னே சம்பாதிக்கலன்னு நீதிபதி நினைச்சுட்டா கேட்ட தொகைய அப்படியே போட்டுருவாங்க. உங்களால கட்ட முடியாது. கட்டலன்னா அடுத்த கேஸ்."

"எழுதினா?"

"எழுதினா, அந்தப் பக்க லாயர் பிள்ளையப் பாக்குற உரிமையில கை வைக்கலாம். வைக்காமயும் போகலாம். எதுன்னு நீங்கதான் அண்ணே சொல்லணும். பொய் மட்டும் என்னால எழுத முடியாது."

அந்தப் பத்தி இதுதான்: "12 ஆகஸ்ட் 2024 முதல் 27 செப்டம்பர் 2024 வரை நான் மனநோய்க்காகத் தஞ்சோங் ரம்புத்தான் மருத்துவமனையில் உள்நோயாளியாக இருந்தேன். இன்றுவரை மருந்து உட்கொள்கிறேன். மாதம் ஒருமுறை மருத்துவரைப் பார்க்கிறேன்."

எழுதிவிட்டேன்.

எஸ்டேட்டில் வளரும்போது ஒருவன் ஏறுக்குமாறாகப் பேசினால் இந்த ஊரின் பெயரைச் சொல்லித்தான் கிண்டல் செய்வோம். உன்னையே எத்தனை முறை சொல்லியிருப்பேன், "நீ தஞ்சோங் ரம்புத்தான்ல இருக்க வேண்டியவ" என்று. அந்த வாயோடுதான் அந்த வாசலுக்குள் போனேன்.

லைனை மூடிய மறுநாளும் ஆறு மணிக்குச் சீருடை போட்டுக்கொண்டு கிளம்பினேன். பூட்டிய கேட்டுக்கு வெளியே மோட்டாரை நிறுத்தி, ஷிப்ட் முடியும்வரை எதிர்ப்பக்கக் கொட்டகையில் உட்கார்ந்திருந்தேன். காவலுக்கு இருந்த ஜெயபாலன், "அண்ணே, உள்ள யாரும் இல்ல, வீட்டுக்குப் போங்க" என்று தினமும் சொல்லுவான். தினமும் போனேன். ஒரு நாள் இரண்டு நாள் இல்லை, மூன்று மாதம். பிறகு தூக்கம் போனது. பிறகு வீட்டிலும் அந்த மெஷின் ஓடுகிற சத்தம் கேட்க ஆரம்பித்தது.

ஆகஸ்டில் ஒரு மதியம் அமான்ஜெயா பஸ் நிலையத்துக்குப் போனேன். ஜொகூர் பஸ்ஸில் வெண்டி வந்திறங்குகிறாள், என்னைக் காணாமல் தேடுவாள் என்று எனக்கு நிச்சயமாகத் தெரிந்தது. அன்று பள்ளி நாள் என்பது மட்டும் தெரியவில்லை. இறங்கிய ஒவ்வொருவரிடமும் பிள்ளையைப் பார்த்தீர்களா என்று கேட்டேன். ஆறு மணி வரை கேட்டுக்கொண்டே இருந்திருக்கிறேன். டிக்கெட் கவுண்டரில் இருந்த பெண் என் போனை வாங்கி ரோசரி அக்காவைக் கூப்பிட்டிருக்கிறாள். அக்கா காரில் வந்தாள், என்னை அடிக்கவில்லை, அழவில்லை. "வாடா தம்பி, காடில ஏறு" என்றாள். மறுநாள் காலையில் நேராக அங்கேதான் கொண்டுபோனாள்.

அங்கே எனக்கு ஒரு கெடுதலும் இல்லை. மரங்கள், புல்வெளி, வேளைக்குச் சாப்பாடு. ஒரு மலாய் நர்ஸ் என்னை மரியாதையாக "என்சிக் பாஸ்கல்" என்று கூப்பிட்டார். அதைக் கேட்டபோது அழுதேன். ஏன் என்று இப்போதும் விளங்கவில்லை.

வெளியே வந்த பிறகு யாரும் வேலை தரவில்லை. லியாகத் அலி பாய்தான், "முடிஞ்ச நேரம் வா, ஸ்டோரப் பாரு" என்றார். விஷயம் அவருக்குத் தெரியும். காலையில் ஒரு கிளாஸ் தே கொடுக்கும்போது, "மாத்திர போட்டியா?" என்று கேட்பார். அவ்வளவுதான்.

டிசம்பரில் நான் வரவில்லை. மருந்தில் கை நடுங்கியது, வெண்டி பார்த்துவிடுவாள்.

நாலாவது வகுப்பில் அவள் எழுதிய கட்டுரையை நீ படித்திருப்பாய். "என் அப்பாவுக்கு எதற்கும் பயம் இல்லை" என்று இருக்கும். அதற்குப் பிறகு நான் எதைச் சொல்ல?

இந்தச் சத்தியப் பிரமாணத்தை இன்னும் தாக்கல் செய்யவில்லை. கோர்ட்டு வழியாக நீ இதைத் தெரிந்துகொள்ளக் கூடாது என்று நகலை உனக்கு முதலில் அனுப்புகிறேன். தினேஸ்வரி மிஸ், அனுப்ப வேண்டாம் என்றுதான் சொன்னார். படித்துவிட்டு எழுது. திட்டியாவது எழுது.

பாஸ்கல்

*

குனோங் ராபாட்
18 ஏப்ரல் 2025, பெரிய வெள்ளி

கார்மென்,

பத்தொன்பது நாளாகப் பதில் இல்லை. தபால்காரரின் மோட்டார் சத்தம் எந்த வீட்டில் நிற்கிறது என்று கடையிலிருந்து வந்ததும் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை வீடியோவும் இரண்டு வாரமாக இல்லை. வெண்டிக்குப் பரீட்சை என்று ஒரு செய்தி மட்டும் அனுப்பினாய். ஏப்ரலில் என்ன பரீட்சை?

அவகாசம் முடிந்தது. செவ்வாய்க்கிழமை தாக்கல் செய்துவிட்டோம். தினேஸ்வரி மிஸ் மேசையில் அந்த ஒன்பதாம் பத்தியை எடுத்துவிடச் சொல்லலாமா என்று மூன்று முறை வாயைத் திறந்தேன். மூன்று முறையும் தண்ணீர் கேட்டேன். பாவம், மூன்று முறையும் எழுந்து போய்க் கொண்டுவந்தார்.

இன்று கோயிலில் சிலுவைப் பாதை. நடக்க நடக்க மனம் எங்கேயும் நிற்கவில்லை. ரோசரி அக்கா என் சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டே வந்தாள்.

ஒன்று கேட்க வேண்டும். பிரேஸ் போடுவது எப்படி என்று போனில் பார்த்தேன். பட்டையை இறுக்கும்போது பிள்ளை மூச்சை வெளியே விட வேண்டுமாம். உள்ளே போடும் பனியனில் சுருக்கம் இருந்தால் தோல் புண்ணாகுமாம். நீ அப்படித்தான் கட்டுகிறாயா? தெரிந்துதான் வைத்திருப்பாய். எனக்கும் தெரியும் என்று சொல்லத்தான் எழுதுகிறேன்.

அவளை என்னிடம் அனுப்பமாட்டாய் என்றால், அதையாவது எழுதிப் போடு.

பாஸ்கல்

*

ஜொகூர் பாரு
3 மே 2025

பாஸ்கலுக்கு,

தாமதத்துக்கு மன்னிப்புக் கேட்கமாட்டேன். என்ன நடந்தது என்று சொல்கிறேன், பிறகு நீங்களே பாருங்கள்.

உங்கள் கடிதத்தைப் படித்ததும் நான் அழவில்லை. நேராக வழக்கறிஞரிடம் கொண்டுபோனேன். அவர் ஒன்பதாம் பத்தியை இரண்டு முறை படித்துவிட்டு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "இது ஒண்ணே போதும் மேடம். விடுமுறைக்கு அங்க தங்குறத நிறுத்திடலாம். கண்காணிப்போட மாசத்துக்கு ரெண்டு மணி நேரம்னு கேப்போம்" என்றார். நான் சரி என்று கையெழுத்துப் போட்டேன். ஆமாம், போட்டேன். பஸ் நிலையத்தில் யார் யாரையோ பிடித்து என் பிள்ளையைக் கேட்டுக்கொண்டிருந்தவரிடம் அவளை அனுப்ப எனக்குப் பயமாக இருந்தது. இப்போதும் கொஞ்சம் பயம்தான்.

அந்த மனுவுக்கு நானும் சத்தியப் பிரமாணம் தர வேண்டும். "பிள்ளைக்கு அவர் பாதுகாப்பில்லன்னு காட்டுற மாதிரி பழைய சம்பவம் ஒண்ணு ரெண்டு எழுதிக் கொண்டாங்க" என்றார். வீட்டுக்கு வந்து தாளை வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். எத்தனை குறை உங்கள் மேல் எனக்கு இருக்கிறது, உங்களுக்கே தெரியும். எனக்குச் செய்தது, என்னைச் சொன்னது என்று எழுதினால் ஒரு நோட்டுப் புத்தகம் போதாது. பிள்ளைக்கு என்று யோசித்தால், எல்லை மூடியிருந்த காலம்தான் வந்து நிற்கிறது. தினமும் காலை ஏழு மணிக்கு வீடியோவில் அவள் பின்னந்தலையைக் காட்டி, "இன்னைக்குக் கோணாம பின்னிட்டேன், பாரு" என்பீர்கள். கோணலாகத்தான் இருக்கும். ஒரு நாளும் தவறவில்லை. சிங்கப்பூரில் எட்டுப் பேர் தங்கிய அறையில் அதைப் பார்த்துவிட்டுத்தான் நான் வேலைக்குப் போவேன்.

மூன்று நாள் வைத்திருந்தேன். எழுத ஒன்றும் வரவில்லை. வெறும் தாளைக் கொண்டுபோய், இந்த மனு வேண்டாம் என்றேன். "அப்புறம் வருத்தப்படுவீங்க" என்றார். படலாம்.

பிறகு வெண்டியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். நீங்கள் எங்கே இருந்தீர்கள் என்பது, அவள் முதுகைப் பற்றி உங்களிடம் சொல்லாமல் மறைத்தது, வீடியோவில் முகத்தை மட்டும் காட்டச் சொன்னது நான்தான் என்பது. முழுவதும் கேட்டுவிட்டு, "அப்போ ரெண்டு பேருமே பொய்தான் சொன்னீங்க" என்றாள். நாலு நாள் என்னோடு பேசவில்லை. சாப்பாட்டுத் தட்டை அறைக்குள் கொண்டுபோய்விட்டாள். உங்களோடு பேசாததும் அதனால்தான். ஆஸ்பத்திரியில் இருந்ததற்காக அவளுக்குக் கோபம் இல்லை. ஓவர்டைம் என்று சொன்னதற்குத்தான் கோபம்.

ஐந்தாம் நாள் பட்டையைக் கட்ட வந்து முதுகைக் காட்டி நின்றவள், "அப்பாவுக்கு வலிச்சுதா?" என்று மட்டும் கேட்டாள். எனக்குத் தெரியாது, அவரிடமே கேள் என்றேன்.

இனி முடிவுகள். பராமரிப்புப் பணம் பழைய தொகையே இருக்கட்டும். பிரேஸ் மாற்றும்போது உங்களால் முடிந்ததைப் போடுங்கள். வெண்டி விடுமுறைக்கு அங்கே வரலாம், ஆனால் அந்த நாட்களில் ரோசரி அக்கா உங்கள் வீட்டில் தங்க வேண்டும், நீங்கள் மாத்திரையை விடக் கூடாது. விட்டால் அக்கா எனக்குச் சொல்லிவிட வேண்டும். இந்த நாலையும் ஒப்பந்தமாக எழுதி 22ஆம் தேதி நீதிபதியிடம் கொடுக்கிறோம். நீங்கள் வர வேண்டும். இதை உங்களுக்காகச் செய்யவில்லை.

மே கடைசியில் பள்ளி விடுமுறை. மார்கஸ் அண்ணன் வீடு வரை நான் கொண்டுவந்து விடுகிறேன். தாப்பாவில் வந்து அழைத்துக்கொள்ளுங்கள். அவள் கேட்பாள். வழக்கறிஞர் எழுதித் தந்த மாதிரி பதில் சொல்லாதீர்கள்.

பட்டை இறுக்கும்போது மூச்சை வெளியேதான் விட வேண்டும். சரியாகத்தான் பார்த்திருக்கிறீர்கள்.

கார்மென்

*

குனோங் ராபாட்
11 ஜூன் 2025

அன்புள்ள கார்மென்,

வெண்டி நல்லபடியாக வந்து சேர்ந்தாள் என்று நீ அனுப்பிய செய்தியைப் பார்த்தேன். பெரிய விஷயம் எல்லாம் கடிதத்தில் என்று சொன்னதால் இதை எழுதுகிறேன்.

கோர்ட்டில் நமக்கு ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. நீதிபதி உன்னைப் பார்த்து ஆட்சேபம் உண்டா என்று கேட்டார், என்னைப் பார்த்துக் கேட்டார், முடிந்தது. ஒன்பதாம் பத்தியை அவர் உரக்கப் படிப்பார் என்று இரண்டு மாதமாக நினைத்துக்கொண்டே இருந்தேன். அவர் அந்தப் பக்கத்தைப் புரட்டிவிட்டார். வெளியே வந்தபோது உன்னிடம் ஏதாவது சொல்ல வேண்டும் என்று நின்றேன். நீ வேலைக்கு நேரமாகிவிட்டது என்று போய்விட்டாய். அதுவும் நல்லதுதான்.

தாப்பாவில் மார்கஸ் மச்சான் வீட்டு வாசலில் அவளைப் பார்த்தேன். என் தோளுக்கு வந்துவிட்டாள். கட்டிப்பிடித்தபோது கையில் பிளாஸ்டிக் தட்டியது. "பாத்து, பக்கிள் குத்தும்" என்றாள். ஈப்போ வரும்வரை அதற்கு மேல் பேசவில்லை. ரோசரி அக்கா காடி ஓட்டிக்கொண்டே விடாமல் பேசியதால் பிழைத்தேன்.

காலையில் நான்தான் பட்டையைக் கட்டினேன். முதல் நாள் மூன்று முறை அவிழ்த்துக் கட்டச் சொன்னாள். இரண்டு நாள் எதுவும் கேட்கவில்லை. சாப்பிட்டாள், டிவி பார்த்தாள். பாய் கடைக்கு வந்து ஸ்டோரில் மிளகாய்ப் பாக்கெட்டுகளைத் தேதி பார்த்து அடுக்கினாள். நான் எந்தப் பக்கம் திரும்பினாலும் அவள் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தது தெரிந்தது.

புதன்கிழமை எனக்குத் தஞ்சோங் ரம்புத்தானில் கிளினிக் நாள். அவளை அக்காவோடு வீட்டில் இருக்கச் சொன்னேன். "நானும் வாரேன்" என்று செருப்பைப் போட்டுவிட்டாள். உன்னிடம் கேட்காமல் கூட்டிப்போனது தப்பு என்றால் சொல். டாக்டரைப் பார்த்துவிட்டு மருந்துக்கு எண் வாங்கிக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்தோம். அக்கா தண்ணீர் வாங்கப் போனாள். அப்போது வெண்டி கேட்டாள்.

"ஓவர்டைம்னு சொன்னீங்களே, அன்னைக்கு இங்கதான் இருந்தீங்களா?"

"ஆமா."

"டிசம்பர்ல?"

"டிசம்பர்ல வீட்டுலதான் இருந்தேன். கை நடுங்கிக்கிட்டே இருந்துச்சு. நீ பாத்துருவேன்னு வெக்கமா இருந்துச்சு."

என் கையை எடுத்துத் தன் மடிமேல் வைத்துப் பார்த்தாள். "இப்பவும் கொஞ்சம் நடுங்குது."

"கொஞ்சம் நடுங்கும்."

"வலிச்சுதாப்பா?"

பயமா இருந்துச்சும்மா, என்றேன். இதுவரை யாரிடமும் அதைச் சொன்னதில்லை, டாக்டரிடம்கூட. அவள் கையை விடவில்லை.

பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஒரு அம்மா எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். வெண்டி விறைப்பாக உட்கார்ந்திருந்தது வித்தியாசமாகப் பட்டிருக்கும். "யாரும்மா பேஷண்ட்டு? நீயா, அப்பாவா?" என்று கேட்டார்.

"ரெண்டு பேரும்தான் ஆன்ட்டி" என்றாள்.

சட்டைக்கு மேலே பிரேஸை விரலால் தட்டிக்காட்டினாள். யாரிடமும் காட்டாமல் ஒளித்து வைக்கிறாள் என்று எழுதியிருந்தாயே, அதனால்தான் இதைச் சொல்கிறேன். எங்கள் எண் வந்ததும் அவளே எழுந்து போய் மருந்தை வாங்கி, எது காலைக்கு, எது ராத்திரிக்கு என்று கவுண்டரில் ஒருமுறைக்கு இருமுறை கேட்டுக்கொண்டு வந்தாள்.

உள்ளே போடும் பருத்திப் பனியன் ஒன்றை இங்கேயே விட்டுவிட்டாள். துவைத்து மடித்து வைத்திருக்கிறேன். தபாலில் அனுப்பவா என்று நேற்று போனில் கேட்டேன். வேண்டாம், செப்டம்பரில் வந்து போட்டுக்கொள்கிறேன் என்றாள்.

பாஸ்கல்